வெண்குழம்பில் மறைந்த கரும்பூஞ்சை

2009-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்து வெல்லிங்டன் என்னும் ஊரிலே போலோ ஆட்டப் பெரும்போட்டி. செல்வச் சீமான்கள் கூடியிருக்கிறார்கள். வெனிசுவேலா நாட்டுக் கோடீசுவரர் ஒருவருடைய குழுவின் குதிரைகள் களத்துக்கு வருகின்றன. கட்டுடலும் கம்பீரமும் படைத்த அந்தக் குதிரைகள் திடீரெனத் தள்ளாடின, மூச்சுத் திணறின, ஒன்றன்பின் ஒன்றாக மண்ணிலே சாய்ந்தன. மாண்டவை 21. களைப்பு நீங்கவென்று செலுத்தப்பட்ட ஊசி மருந்திலே செலினியம் என்னும் பொருள் அளவுமீறிக் கலந்திருந்தது எனப் பின்னர் தெரிந்தது. மருந்தைக் கலந்து அனுப்பியது அதே மாநிலத்து ஒக்காலா நகரில் இருந்த பிராங்க்ஸ் என்னும் கலவை மருந்தகம். கலவையில் தவறு நேர்ந்துவிட்டது என்று அதுவே ஒப்புக்கொண்டது.

கண்ணைப் பற்றி எழுத வந்தவனுக்குக் குதிரையிடம் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு. குதிரைகள் விழுந்து மூன்றாண்டுகள் முடிவதற்குள், அதே மருந்தகத்திலிருந்து புறப்பட்ட வேறொரு குப்பி மனிதரின் கண்களுக்குள் சென்றது. அந்தக் குப்பியிலே இருந்தது ஸ்டீராய்டு. அதனோடு சேர்ந்து இருந்தது பூஞ்சை. நோயைத் தணிக்க வந்த மருந்து, நோயை ஏந்தி வந்த வண்டியாக மாறிய வரலாறு அது.

அந்த மருந்து எப்படிப் பிறந்தது என்பதை முதலில் காண்போம்.

1948 செப்டம்பர் 21. மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலே மேயோ மருத்துவ நிலையம். மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்கு, பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற பொருள் ஊசிவழியே செலுத்தப்பட்டது. சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி சுரக்கும் பொருள் அது. எருதின் பித்தநீரிலிருந்து பல படிகள் ஏறி, அரும்பாடுபட்டு ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டது. சில நாட்கள் சென்றன. படுக்கையில் புரளவும் இயலாதிருந்தவள் எழுந்தாள், நடந்தாள், கடைவீதிக்கும் சென்று வந்தாள். பிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே இவ்வளவு குறுகிய காலம் என்பது அரிது. உலகமே அற்புதம் என்று ஆர்ப்பரித்தது.

அற்புதம் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் சற்று நின்று யோசிப்பது நல்லது. மேயோவின் மருத்துவர்கள் யோசித்தார்கள். மருந்தை நிறுத்தியதும் வாதம் திரும்புவதையும், முகம் நிலாப்போல் உருண்டு வீங்குவதையும் அவர்களே பதிவு செய்தார்கள். அதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் விரைவிலே வெளிப்பட்டது. ஸ்டீராய்டு நோயின் வேரைத் தொடுவதில்லை; நோயை எதிர்த்து உடல் நடத்தும் போரைத்தான் அடக்குகிறது. வீக்கம், சிவப்பு, சூடு, வலி என்னும் நான்கும் அந்தப் போரின் அடையாளங்கள். போர் தேவையற்ற இடத்தில், உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் வாதம் போன்ற நோயில், போரை நிறுத்துவது பேருதவி. ஆனால் உண்மையான பகைவன் உள்ளே நுழைந்திருக்கும்போது போரை நிறுத்தினால்? 1950-களிலேயே கண் மருத்துவர்கள் இதற்கு விடை கண்டார்கள். ஹெர்ப்பிஸ் என்னும் நச்சுயிரியால் கருவிழியில் புண் கொண்டோருக்குக் கார்ட்டிசோன் சொட்டு விட்டபோது, கண்ணின் சிவப்பு குறைந்தது; புண்ணோ ஆழமாகப் பரவியது.

அன்று அது சொட்டு மருந்து. கண்ணின் மேற்பரப்போடு நின்றது. கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்தும் காலம் பிறகு வந்தது. 1958-இல் விற்பனைக்கு வந்த ட்ரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு, மூட்டுக்கும் தசைக்கும் உரிய ஊசி மருந்தாகப் புகழ்பெற்றது. நீரிலே எளிதில் கரையாத நுண்துகள்களாக மிதப்பதால், செலுத்திய இடத்திலேயே தங்கிப் பல வாரங்கள் வேலை செய்யும் இயல்பு அதற்கு உண்டு. கண்ணின் உட்பகுதி அறுவையின் தந்தை எனப் போற்றப்படும் ராபர்ட் மாக்கெமரும் அவருடைய தோழர்களும் 1980-ஆம் ஆண்டளவில் விலங்குகளின் கண்களில் இதைச் செலுத்தி ஆராய்ந்தார்கள். இருபதாண்டுகளுக்குப் பின், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது மனிதக் கண்ணுக்குப் பெருவழக்காக வந்தது.

யாருக்கு? பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளுக்கு. அந்நோய் முற்றும்போது விழித்திரையின் நடுப்புள்ளியில் நீர் கசிந்து தேங்குகிறது. எதிரே நிற்பவரின் முகம் மங்குகிறது. நாளிதழின் எழுத்து கலங்குகிறது. அந்நிலையில் விழிவெண்மையின் ஓரமாக, கருவிழி விளிம்பிலிருந்து மூன்றரை அல்லது நான்கு மில்லிமீட்டர் பின்னே, மெல்லிய ஊசியால் குத்தி, 0.1 மில்லிலிட்டர் மருந்தை உள்ளே விடுவார்கள். அதில் இருப்பது 4 மில்லிகிராம் ட்ரையாம்சினலோன். சில நாட்களில் நீர் வற்றும். மங்கிய முகம் தெளியும். பலருக்கு நன்மை விளைந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. கண்ணின் அழுத்தம் ஏறுவதும் புரை வளர்வதும் உடன்வந்த தொல்லைகள். அவற்றுக்கு மருத்துவம் உண்டு.

கிருமி நுழைவதோ வேறு வகை. விழிக்கோளத்தின் உள்ளே ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் அளவுக்குக் கண்ணாடிபோல் தெளிந்த கூழ் நிறைந்திருக்கிறது. அதில் இரத்தக் குழாய் இல்லை. குழாய் இருந்தால் ஒளி தடைப்படும். ஆகவே இயற்கை வைக்கவில்லை. ஆனால் இரத்தம் வராத இடத்துக்குக் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும் எளிதில் வருவதில்லை. காவலில்லாத களஞ்சியம் அது. அங்கே ஒருசில கிருமிகள் நுழைந்தாலும் போதும், பெருகிச் சீழாகும். மருத்துவ நூல்கள் அதனை எண்டாப்தால்மைட்டிஸ் என்று அழைக்கின்றன. வீரியம் மிக்க கிருமியானால் ஒரே நாளில் விழித்திரை அழியும்.

2003-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் தம் கணக்கை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். 922 ட்ரையாம்சினலோன் ஊசிகளில் 8 கண்களுக்கு இந்நோய் வந்திருந்தது; நூற்றுக்கு 0.87. சிறு எண் என்று தோன்றும். பின்னாளில், ஸ்டீராய்டு அல்லாத வேறு மருந்துகளைக் கண்ணுக்குள் செலுத்திய 1,05,536 ஊசிகளைத் தொகுத்துப் பார்த்தபோது நோய் கண்டவை 52 மட்டுமே. அதாவது ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒன்று. இரு கணக்கும் வெவ்வேறு காலத்தவை, இடையே தூய்மை முறைகளும் வளர்ந்தன. ஆகவே வேற்றுமை முழுவதையும் மருந்தின் தலையிலேயே சுமத்துதல் தகாது. 2003-இல் எழுதியவர்களும், ஒரே குப்பியிலிருந்து பல கண்களுக்கு மருந்தை எடுத்தது, இமையோர அழற்சி ஆகிய பிற காரணங்களையும் ஐயுற்றார்கள். தம் கையால் நேர்ந்த கேட்டைத் தாமே எண்ணிச் சொன்ன அவர்களுடைய துணிவு பாராட்டுக்குரியது. எண்ணாதவன் கையில் எதுவும் பாதுகாப்பானதாகவே தோன்றும்.

மேலும் ஒரு சிக்கல். மருந்தின் வெண்துகள்களே சில வேளை கண்ணின் முன்னறைக்கு நழுவிவந்து, சீழ் தேங்கியதுபோலக் காட்சி தரும். கிருமியே இல்லாமல் மருந்தின் எரிச்சலால் மட்டும் கண் கலங்குவதும் உண்டு. மாறாக, உண்மையான சீழ் பிடித்திருக்கும்போது, ஸ்டீராய்டு வலியையும் சிவப்பையும் அடக்கி, நோயாளியை நாட்கணக்கில் வீட்டிலேயே இருத்திவிடக்கூடும். பொய்யை மெய்போலவும் மெய்யைப் பொய்போலவும் காட்டுகின்ற மருந்து! காத்திருப்பதா, கண்ணுக்குள் ஊசியிட்டு நீரெடுத்து ஆராய்வதா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது சில மணி நேரத்துக்குள்.

கிருமி எவ்வழியே வருகிறது? இமையிலும் தோலிலும் குடியிருப்பவை ஊசியோடு உள்ளே போவது ஒரு வழி. அதைத் தடுக்க, ஊசிக்கு முன் பொவிடோன் அயோடின் கரைசலால் கண்ணைக் கழுவுகிறார்கள். 1991-இல் நியூயார்க்கில் செய்யப்பட்ட ஆய்வில், அக்கரைசலைப் பயன்படுத்திய கண் அறுவைகளில் நோய் நூற்றுக்கு 0.06, பயன்படுத்தாதவற்றில் 0.24 என்று காணப்பட்டது. மலிவான மருந்து, மாபெரும் காவல். மற்றொரு வழி வாய். கண்ணுக்குள் ஊசியிட்ட பின்வரும் நோய்களில், வாயிலும் தொண்டையிலும் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் மிகுதியாக இருப்பதை ஆராய்ந்தறிந்தார்கள். ஊசி போடும்போது மருத்துவரும் நோயாளியும் பேசாதிருப்பது, வாயை மூடிக்கொள்வது என்னும் ஒழுங்கு அதனால் வந்தது.

இவ்விரண்டையும் மருத்துவர் தம் கண்முன்னே காவல் காக்க முடியும். மூன்றாவது வழி அவர் கைக்கு வருமுன்பே அடைபட்ட குப்பிக்குள் இருப்பது. அங்கே அவருக்குத் துணை நம்பிக்கை ஒன்றுதான்.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை எவ்வளவு? மூட்டுக்கு உரிய ட்ரையாம்சினலோன் குப்பியிலே, கிருமி வளராமல் தடுக்க பென்சைல் ஆல்ககால் என்னும் காப்புப்பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. அது விழித்திரையைக் கெடுக்குமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். அச்சம் நியாயமானது. ஆகவே காப்புப்பொருள் இல்லாத மருந்தைத் தேடினார்கள். கலவை மருந்தகங்கள் கலந்து கொடுத்தன. கண்ணுக்கென்றே காப்புப்பொருளின்றிச் செய்யப்பட்ட ட்ரையாம்சினலோன் 2007-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலோடு விற்பனைக்கு வந்த பின்னரும், கலவை மருந்தகங்களில் வாங்கும் வழக்கம் நிற்கவில்லை. காவற்காரன் கண்ணைக் குத்துவான் என்று காவற்காரனை நீக்கினார்கள், சரி. நீக்கிய பின்பு கதவைப் பூட்டினார்களா என்பதே கேள்வி.

பூட்டுவது கடினம் என்பதையும் அறிதல் வேண்டும். தெளிந்த மருந்தானால், நுண்ணிய வடிகட்டியின்வழியே செலுத்திக் கிருமியைப் பிரித்துவிடலாம். ட்ரையாம்சினலோனோ துகள் மிதக்கும் வெண்குழம்பு. வடிகட்டினால் கிருமியோடு மருந்தும் மேலேயே தங்கிவிடும். தெளிந்த மருந்தில் பூஞ்சை வளர்ந்தால் கலங்கலைப் பார்த்துக் குப்பியை ஒதுக்கலாம். வெண்குழம்பிலே கலங்கலை எங்கே காண்பது? பாலில் கலந்த சுண்ணாம்பைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியுமா? ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் சில குப்பிகளை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவு வரும்வரை மற்றவற்றை நிறுத்திவைப்பதைவிட நம்பத்தக்க வழி இல்லை. தொழிற்சாலைக்கு இது கட்டாயம். கலவை மருந்தகத்துக்கோ?

இங்கேதான் சட்டத்தின் கதை குறுக்கிடுகிறது. உரலும் உலக்கையும் வைத்துக்கொண்டு, மருத்துவர் எழுதிய சீட்டுக்கு ஏற்ப ஒரு நோயாளிக்கு ஒரு மருந்து அரைத்துக் கொடுத்தவர் பழைய நாளைய மருந்தாளுநர். அவரைத் தொழிற்சாலையைப்போல் கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்று விட்டுவைத்தார்கள். காலப்போக்கில் சிலர் அந்தப் பழைய பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டபடியே, பல மாநிலங்களுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பும் ஆலைகளானார்கள். பெயரால் மருந்துக்கடை, செயலால் தொழிற்சாலை, சோதனைக்கு மட்டும் இரண்டுமில்லை! 1997-இல் ஒரு சட்டம் வந்தது. 2002-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதன் விளம்பரத் தடையைச் செல்லாதென்றது. மிச்சம் செல்லுமா செல்லாதா என்பதில் கீழ் நீதிமன்றங்களே மாறுபட்டன. குதிரைகளின் சாவுக்குப் பின் 2010-இல் உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பிராங்க்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. மொத்த மூலப்பொருளைக்கொண்டு விலங்குகளுக்கு மருந்து கலப்பதைத் தடுக்கும் அதிகாரம் அத்துறைக்கு இல்லை என்று 2011 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்தகம் வென்றது.

ஆறே மாதம். 2012 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஒரே அறுவை மையத்திலிருந்து ஒன்பது நோயாளிகளைப் பற்றிய செய்தி சுகாதாரத் துறைக்கு எட்டியது. விழித்திரைமேல் படர்ந்த மெல்லிய சவ்வை உரிக்கும்போது அதனைக் காட்டுவதற்காகப் பயன்படும் நீலச் சாயம் அவர்களுக்குச் செலுத்தப்பட்டிருந்தது, கண்ணுக்குள் பூஞ்சை. சாயம் ஒக்காலாவிலிருந்து வந்தது. தேடத் தேட, சாயமே தொடாத நோயாளிகளும் பிற இடங்களில் தென்பட்டார்கள். அவர்கள் பெற்றது ட்ரையாம்சினலோன் ஊசி. அதுவும் ஒக்காலாவிலிருந்தே வந்தது.

முடிவான கணக்கு இது. ஒன்பது மாநிலங்களில் 47 பேர். சாயத்தால் 21; ஸ்டீராய்டு ஊசியால் 26. சாயம் பெற்றவர்களின் கண்ணில் இருந்த ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை, திறக்கப்படாத சாயக் குப்பியிலேயே கிடைத்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களின் கண்ணில் வளர்ந்ததோ பைபோலாரிஸ். புல்லிலும் மண்ணிலும் மக்கும் தழையிலும் வாழ்கின்ற கரும்பூஞ்சை. ஒரே மருந்தகம், இரு மருந்து, இரு வேறு பூஞ்சை! தவறு ஒரு குப்பியில் நேர்ந்த விபத்தாக இருந்திருந்தால் பூஞ்சை ஒன்றாக இருந்திருக்கும். ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது, தூய அறை என்று பெயரிடப்பட்ட அறைகளிலேயே நுண்ணுயிரும் பூஞ்சையும் இருப்பதைக் கண்டார்கள். சாயத்தில் தொடங்கிய திரும்பப் பெறுதல், மே மாதத்திலே அம்மருந்தகத்தின் கிருமியற்றவை எனப்பட்ட எல்லா மருந்துகளுக்கும் விரிந்தது.

அந்த 26 பேரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பூஞ்சை மெதுவாக வளர்வது. பாக்டீரியாவைப்போல் ஒரே இரவில் ஓலமிடாது. அதனோடு கூடவே சென்றது ஸ்டீராய்டு. வீட்டுக்குள் திருடனையும் அனுப்பி, காவற்காரனுக்கு உறக்க மருந்தையும் ஊட்டிய கொடுமை அன்றோ இது! பார்வை சிறிது தெளிந்ததும் மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்திருப்பார்கள். மீண்டும் மங்கியபோது பழைய நோய் என்றே எண்ணியிருப்பார்கள். பூஞ்சை என்று தெளிந்த பின் செய்யத்தக்கவை, கண்ணுக்குள் பூஞ்சைக்கொல்லி ஊசியும், உள்ளிருக்கும் கூழையே வெட்டியகற்றும் அறுவையும். பார்வை நிலை அறியப்பட்ட 40 பேரில் 39 பேர் பார்வை இழப்புக்கு ஆளானார்கள். அன்பு மேலிடும்போது பிள்ளையைக் கண்ணே என்று அழைக்கும் நமக்கு, அந்த 39 என்னும் எண் வெறும் எண்ணாக இராது.

இத்தனைக்குப் பிறகு சட்டம் விழித்ததா? இல்லை. அதற்குக் கண்கள் போதவில்லை.

அதே 2012-இன் செப்டம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃப்ரேமிங்ஹாம் நகரிலிருந்த வேறொரு கலவை மருந்தகத்தின் ஸ்டீராய்டு வெளிச்சத்துக்கு வந்தது. பெயர் மீத்தைல்பிரெட்னிசொலோன், அதுவும் வெண்குழம்பு, அதிலும் காப்புப்பொருள் இல்லை. முதுகுவலிக்காகத் தண்டுவடத்தின் அருகே செலுத்தப்பட்டது. அதிலிருந்த பூஞ்சை மூளையுறையைப் பற்றியது. 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர். நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கில் இறந்தவர் 64. நோயாளி ஒவ்வொருவரின் பெயரால் கலப்பதாகச் சட்டத்துக்குக் காட்ட, புகழ்பெற்றோரின் பெயர்களை இட்டு நிரப்பிய சீட்டுகளும் அங்கே இருந்தன என்பது பின்னர் வழக்குமன்றத்தில் வெளியாயிற்று. அதன் தலைவர் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, மோசடிக் குற்றங்களுக்காக 2017-இல் 9 ஆண்டு தண்டனை பெற்றார். 2021-இல் அது பதினான்கரை ஆண்டாக உயர்த்தப்பட்டது.

64 பிணங்களுக்குப் பிறகே, 2013 நவம்பர் 27-இல், புதிய சட்டம் கையொப்பமாயிற்று. இது அந்நாட்டில் புதிய வழக்கமும் அன்று. 1937-இல் சல்ஃபா மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்று, நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுள் பல குழந்தைகள், மாண்டார்கள். அன்றைய சட்டத்தின்படி, நச்சை விற்றது குற்றமன்று. சாராயம் கலவாத மருந்துக்கு எலிக்சிர் என்று பெயர் வைத்ததுதான் குற்றம்! அந்தப் பெயர்க்குற்றத்தைப் பிடித்துக்கொண்டே எஞ்சிய புட்டிகளைக் கைப்பற்றினார்கள். மறு ஆண்டு, 1938-இல், மருந்தின் தீங்கின்மையை விற்குமுன் மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. அப்போதும் கணக்கிட்டது இடுகாடே. குதிரைகள் விழுந்தபோது அறிந்திருக்கலாம். கண்கள் அவிந்தபோது அறிந்திருக்கலாம். சாவின் தொகை ஏறினால் மட்டுமே அசைகின்ற சட்டமன்றத்துக்கு, பார்வையிழந்த 39 பேர் ஓரக் குறிப்பாயினர்.

பிராங்க்ஸ் அந்த ஆண்டே மருந்து கலக்கும் தொழிலை விட்டது. மேல்முறையீட்டில் நின்ற வழக்கும் பொருளற்றுப் போய், 2011-இன் தீர்ப்பு நீக்கப்பட்டது.

2013-இன் சட்டம், பெருமளவில் கிருமியற்ற மருந்து கலக்கும் இடங்கள் அரசிடம் பதிவு செய்துகொண்டு, தொழிற்சாலைக்கு நிகரான தர ஒழுங்குக்கும் சோதனைக்கும் உட்பட வழிவகுத்தது. பதிவு செய்துகொள்வதோ அவரவர் விருப்பம். மருத்துவர்கள் பதிவுபெற்ற இடத்தில் வாங்கினால் மற்றவர்களும் பதிவுக்கு வருவார்கள் என்பது சட்டம் செய்தோரின் எதிர்பார்ப்பு.

2017 ஜூலையில் அந்நாட்டுக் கட்டுப்பாட்டுத் துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில், கண்புரை அறுவையின் முடிவில், பிறகு சொட்டு விடும் தொல்லை வேண்டாமென்று ட்ரையாம்சினலோனையும் மாக்ஸிஃப்ளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லியையும் ஒன்றாய்க் கலந்து கண்ணுக்குள் செலுத்தியிருந்தார்கள். கலந்து கொடுத்தது ஒரு மருந்தகம். குறைந்தது 43 நோயாளிகளுக்குக் கேடு நேர்ந்தது. இம்முறை பூஞ்சையைக் காணோம். மருந்தைச் சேர்த்துப் பிடிக்க இட்ட பொலாக்ஸமர் 407 என்னும் பொருளையும் அது சிதைந்த பொருள்களையும் சோதனை காட்டியது. புரை நீங்கினால் உலகம் ஒளிரும் என்று சென்றவர்களுள் பலர், இரவில் பார்வை குன்றியதென்றும், வெளிச்சம் பட்டாலே கண் கூசுகிறதென்றும், வண்ணங்கள் புலப்படவில்லையென்றும் முறையிட்டார்கள்.